விட்ட மாத்திரையும் விடாத மாத்திரையும்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயதுப் பெண் ஒருவர் மனநல மருத்துவரான எனக்கு நோட்டுத் தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்த இரண்டு மாதமும் மனுவும் கையுமாக அலைந்து, வட்டிக்கு வாங்கி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு நிமிர்ந்து நின்றவர் இந்தப் பெண். கணவர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் இவர் சரிந்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கணவர் தொழிலுக்குப் போயிருக்கும் இரவுகளில் காற்றின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. சோற்றில் ருசி இல்லை. ஆறு கிலோ குறைந்துவிட்டார். கருவாட்டுக் கொட்டகை வேலைக்குப் போய் மூன்று மாதமாகிறது. நெஞ்சுவலியோ என்று பயந்து எடுத்த இசிஜியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஒரு மனநல மருத்துவர் காலையில் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து 10 மி.கி., இரவில் பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் குளோனாசெபம் 0.5 மி.கி. என்று எழுதிக் கொடுத்தார். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் கூடியதால் ஒன்பதாம் நாள் எஸ்சிடலோபிராமை நிறுத்திவிட்டார். குளோனாசெபம் மட்டும் ‘சாதுவான தூக்க மாத்திரை’யாகத் தோன்றியதால், பழைய சீட்டையே காட்டி ஐந்து மாதமாக வாங்கிப் போடுகிறார், இப்போது சில இரவுகளில் இரண்டு தேவைப்படுகிறது. மதினி செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிடுகிறார், வளைகுடாவில் இருந்து வந்த சித்தி மகள் பராக்செடின், அக்கா தலைவலிக்காக அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைத்துக்கொண்டு, “இதில் எது பவர் அதிகம், எது பழக்கமாகாது, அக்காவின் மாத்திரையையே நானும் போடலாமா?” என்று கேட்கிறார். கணவருக்கும் தூக்கமில்லை என்பதால் இரண்டு மூன்று முறை தன் குளோனாசெபத்தில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார். ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு. முழங்கால் வலிக்கு அவ்வப்போது கடையில் வாங்கும் வலி மாத்திரையும் உண்டு. மாமியார் ஏர்வாடி தர்காவுக்கு அழைக்கிறார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கட்டத்திற்கு வருவதற்கு முன், ஐந்தாம் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்: “சில நாள் அப்படியே கடலில் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றுகிறது.” இந்த எண்ணம் உங்கள் குணத்தின் குறையோ, பிள்ளைகள் மேல் பாசம் குறைந்ததோ அல்ல, மனச்சோர்வு நோயின் அறிகுறி. காய்ச்சலில் உடல் சுடுவதைப் போல இதில் இப்படித் தோன்றும், சிகிச்சையில் இது தணியவும் செய்யும். ஆனால் இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. கணவரிடமோ அக்காவிடமோ இன்றைக்கே இதே சொற்களில் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அவர்களில் ஒருவர் கையில் கொடுத்து வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணம் வலுக்கும் வேளையில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. நம் மாநிலத்தின் 104 சேவையும் உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமாக இதையே சொல்லுங்கள், ஏனெனில் எந்த மருந்தை எழுதுவது என்பதையே இந்த ஒரு செய்தி மாற்றக்கூடும்.

கணவர் சிறையில் இருந்தபோது தாங்கிய மனம் அவர் வந்த பிறகு ஏன் உடைந்தது என்று வியந்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இது அரிதே அல்ல. ஆபத்து நடக்கும்போது உடம்பும் மனமும் ஓடிக்கொண்டே இருக்கும். விழுவதற்கு நேரம் கிடைத்த பிறகுதான் விழும்.

இப்போது உங்கள் முக்கியமான தவறான கணிப்புக்கு வருகிறேன். இரண்டு மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எடுத்த முடிவு தலைகீழாகிவிட்டது. நோயைக் குணப்படுத்தத் தந்த மருந்தை, பக்கவிளைவு உச்சத்திலும் பலன் தொடக்கத்திலும் இருந்த ஒன்பதாம் நாளில் விட்டுவிட்டீர்கள். அந்த முதல் சில வாரங்களைக் கடக்கத் துணையாக மட்டும் தந்த குளோனாசெபத்தை ஐந்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பழகிப்போகும் என்று நீங்கள் பயந்தது முதலாவதைப் பார்த்து, பழகிப்போனது இரண்டாவது. ஒரு மாத்திரை இரண்டானதே அதற்குச் சான்று. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் படபடப்பு கூடும், பிறகு அடங்கும் என்ற ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

‘பவர்’ மில்லிகிராமில் இல்லை

மதினியின் 50 உங்கள் 10-ஐவிட ஐந்து மடங்கு வலுவானது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வேறு வேறு மருந்துகளின் மில்லிகிராமை இப்படி ஒப்பிட முடியாது; செர்ட்ராலின் 50 மி.கி.யும் எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கும் அளவுகள். 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 1,16,477 பேர் பங்கேற்ற 522 ஆய்வுகளைச் சேர்த்து 21 மனச்சோர்வு மருந்துகளை ஒப்பிட்டது. எல்லா மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. ஆனால் மருந்துக்கும் மருந்துக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரியதல்ல. ஆகவே வலிமையை வைத்து நாங்கள் மருந்தைத் தேர்ந்தெடுப்பது குறைவு. எந்தப் பக்கவிளைவை இந்த ஆளால் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது, இவருக்கு வேறு என்ன நோய், என்ன மாத்திரை, இவருடைய நாள் எப்படி விடிகிறது என்பவற்றை வைத்தே தேர்ந்தெடுக்கிறோம்.

‘மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது’ என்று காணொளியில் பார்த்து, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பரிசோதனை இல்லை. இந்த மருந்துகள் செரோடோனின் மீது வேலை செய்கின்றன என்பது உண்மை. அது குறைந்ததால்தான் நோய் வந்தது என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய செய்தி அல்ல. தலைவலி மாத்திரையால் வலி போகிறது என்பதற்காக, அந்த மாத்திரை உடம்பில் குறைந்ததால்தான் தலை வலித்தது என்று நாம் சொல்வதில்லையே. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகிய மூன்றையும் மட்டும் பார்த்துவிடுங்கள். சோர்வும் படபடப்பும் எடைக் குறைவும் அவற்றாலும் வரலாம்.

உங்கள் கட்டத்தில் இருப்பவையும் இல்லாதவையும்

நீங்கள் விட்ட எஸ்சிடலோபிராம், மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருகிறவர்களுக்கு நல்ல முதல் தேர்வுதான். நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன், ஆனால் 5 மி.கி.யில் தொடங்கியிருப்பேன். பதற்றம் மிகுந்தவர்களுக்கு முதல் நாளிலேயே முழு அளவு கொடுத்தால் படபடப்பு கூடுவது வழக்கம். காலை உணவுக்குப் பிறகு பாதி அளவில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10-க்கு ஏற்றினால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். குமட்டல் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இந்த மருந்து சிலருக்கு இசிஜியில் ஒரு மாறுதலை உண்டாக்கக்கூடும். எனவே பயந்து நீங்கள் எடுத்த அந்த இசிஜி வீண் செலவல்ல. அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள்.

செர்ட்ராலின் இதற்கு உடன்பிறப்பைப் போன்றது. வயிற்றுப்போக்கு சற்று அதிகம். இதய நோயாளிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் நாங்கள் விரும்பி எழுதுவது. பராக்செடின் பதற்றத்தை நன்றாகவே அடக்கும், ஆனால் எடை கூடும், இரண்டு நாள் விட்டுப்போனாலே தலைசுற்றலும் மின்சாரம் தட்டியது போன்ற உணர்வும் வரும். உங்கள் சித்தி மகள் குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்வது நல்லது. தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூஆக்செடின் மலிவானது, பசியைக் குறைக்கக்கூடியது, தொடக்கத்தில் துறுதுறுப்பைக் கூட்டக்கூடியது. ஆறு கிலோ இழந்து, விடியுமுன் விழித்துக் கிடக்கும் உங்களுக்கு அதை முதலில் தர மாட்டேன்.

உங்கள் கட்டத்தில் இல்லாத மிர்டாசபின் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. இரவில் ஒன்று போட்டால் தூக்கமும் பசியும் திரும்பும். காலையில் கண் இழுக்கும், சில மாதங்களில் எடை தேவைக்கு மேலும் ஏறலாம். டுலாக்செடின் மனச்சோர்வோடு முழங்கால் வலிக்கும் உதவக்கூடியது. ஆனால் அதுவும் அதே வகையைச் சேர்ந்த வென்லாஃபாக்சினும் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், உங்கள் அழுத்தம் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்காமல் தரக் கூடாது.

தாம்பத்திய நாட்டம் குறைவது இந்த மருந்துகள் பலவற்றில் உண்டு. நம் ஊரில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், பெரும்பாலான மருத்துவர்களும் சொல்ல மாட்டார்கள். கணவன் மனைவிக்குள் மௌனமாகக் கசப்பு வளர்ந்த பிறகுதான் தெரியவரும். அப்படி நேர்ந்தால் அது மருந்தின் வேலை என்று அறிந்து, வெட்கப்படாமல் சொல்லுங்கள். மிர்டாசபினில் இந்தத் தொல்லை குறைவு.

அக்காவின் அமிட்ரிப்டிலின் உங்களுக்கு வேண்டாம். தலைவலிக்குத் தரும் 10 மி.கி. மனச்சோர்வுக்குரிய அளவே அல்ல. அதற்கு அதைப்போல் ஏழெட்டு மடங்காவது ஏற்ற வேண்டும், அந்த அளவில் வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் வரும். பழமையான, நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் குணம் அதற்கு மற்றவற்றைவிட மிக அதிகம். ஓரத்தில் அந்த வரியை எழுதிய ஒருவர் இருக்கும் வீட்டில் அது டப்பாவோடு இருக்கக் கூடாது. மலிவுதான் காரணம் என்றால், எஸ்சிடலோபிராமும் செர்ட்ராலினும் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ பிராண்டு இல்லாத பெயரில் குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தரும் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை.

இன்னும் ஒன்று, உங்கள் முழங்காலைப் பற்றி. எஸ்சிடலோபிராம் வகை மருந்தோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை அடிக்கடி சேர்த்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். டிரமடால் கலந்த வலி மாத்திரை அதைவிட ஆபத்தானது. எஸ்சிடலோபிராமும் டிரமடாலும் சேர்ந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரை கொண்டுபோகலாம். வெறும் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர் பெருக்கி கலந்திருந்தால், எஸ்சிடலோபிராமோடு அது சேரும்போது, வெயிலில் வேர்த்து வேலை செய்கிறவருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் அபாயம் உண்டு. ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும்.

குளோனாசெபத்தை எப்படி விடுவது

இதைப் படித்த வேகத்தில் இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐந்து மாதம் தினமும் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், பதற்றம் பல மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரலாம். முதலில் மனச்சோர்வு மருந்து மீண்டும் தொடங்கி நிலைக்கட்டும். அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்திற்கு ஒரு முறை கால் பங்கோ அதைவிடக் குறைவாகவோ குறைத்துக்கொண்டே வரலாம்; இரண்டு மூன்று மாதம் ஆனால் ஆகட்டும். பழைய சீட்டைக் காட்டினால் கொடுக்கும் கடை உங்களுக்கு உதவி செய்வதாக நினைக்க வேண்டாம்.

எஸ்சிடலோபிராம் போன்றவற்றை நிறுத்தும்போதும் தலைசுற்றல், எரிச்சல், உறக்கக் குலைவு வருவதுண்டு. சிலருக்கு அது வாரக்கணக்கில் நீளும். அதை மறைத்து நான் உங்களைச் சமாதானப்படுத்த விரும்பவில்லை. ஆனால் அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றுவதும், அது இல்லாவிட்டால் தேடி அலைவதும் இவற்றில் இல்லை. மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலானோரால் விட முடிகிறது.

கணவருக்கு அதே மாத்திரையா?

வேண்டவே வேண்டாம். கரையில் இருக்கும் நாள்களில் அவர் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மதுவும் குளோனாசெபமும் சேர்ந்தால் மூச்சே மந்தப்படும். அடுத்த நாள் வரை நீளும் மயக்கத்தோடு, அலையில் ஆடும் படகின் விளிம்பில் நின்று வலை இழுப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் கெட்ட கனவில் அலறி எழுவதும், சின்னச் சத்தத்திற்கும் திடுக்கிடுவதும் வேறொரு நோயைக் காட்டுகின்றன. அனுபவித்த கொடுமை மனத்தில் திரும்பத் திரும்ப ஓடும் நிலை அது. செர்ட்ராலினும் பராக்செடினும் அதற்கு ஏற்கப்பட்ட மருந்துகள், ஆனால் அவரை நேரில் பார்த்து, குடியின் அளவையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர் தொழிலையும் மருத்துவர் கணக்கில் எடுக்க வேண்டும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள்கள் என்று முறை வைத்துப் போகும் கடலில், மாத்திரை கரையில் மறந்துபோவது சாதாரணம். பராக்செடினோ வென்லாஃபாக்சினோ ஒரு வேளை தவறினால் வரும் தலைசுற்றலை அவர் கடல் மயக்கம் என்றே நினைப்பார். ஃப்ளூஆக்செடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து என்பதால் ஒன்றிரண்டு நாள் தவறினால் தெரியாது. அந்த ஒரு குணத்திற்காகவே கடலோடிகளுக்கு அதை எழுதியிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம் அவர் சிகிச்சையைத் தொடங்க நல்ல சமயம்: பக்கவிளைவு வரும் வாரங்களைக் கரையிலேயே கடந்துவிடலாம்.

ஏர்வாடியும் மகளின் வரனும்

மாமியாரோடு தர்காவுக்குப் போவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. எல்லா மதத்தாரும் போகும் இடம். அங்கே கிடைக்கும் ஆறுதலை மருந்துச் சீட்டில் எழுத முடியாது. மருந்தை நிறுத்திவிட்டு வா என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊர்க் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

2018 மே 29 முதல் நடப்பில் உள்ள அதே சட்டம், உங்கள் நோயையும் சிகிச்சையையும் பற்றிய விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர்மீது வைத்திருக்கிறது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, வரன் வீட்டாருக்கோ ஊராருக்கோ உங்கள் சம்மதமில்லாமல் யாரும் சொல்லக் கூடாது. உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. உள்ளூரில் போகக் கூச்சமாக இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அந்தக் கூட்டத்தில் யார் எந்தப் பிரிவுக்கு வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை.

அடுத்த சந்திப்பில்

எல்லா அட்டைகளையும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்கமே தேவைப்படாமல், பணத்தை வாரி இறைத்து, அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நீங்கள் இருந்த நாள்கள் எப்போதாவது உண்டா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்ததா என்பதை யோசித்து வையுங்கள். இருந்திருந்தால் இந்த மருந்துகளைத் தனியாகத் தரக் கூடாது. அந்த உற்சாக நோயைத் தூண்டிவிடலாம். பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டா என்று கேளுங்கள். பதற்றத்தில் மருந்தோடு அது சேரும்போது பலன் கூடுகிறது. கொட்டகை வேலைக்கு முழு நாள் முடியாவிட்டாலும், மனம் சரியான பிறகு போகலாம் என்று காத்திருக்காமல், வாரத்தில் இரண்டு காலை மட்டுமாவது போய்வாருங்கள்.

மருந்தைத் தொடங்கி இரண்டு வாரத்தில் படபடப்பு சற்று இறங்கும், நான்கு வாரத்தில் தூக்கமும் பசியும் எட்டிப் பார்க்கும். முழு அளவில் ஆறு வாரம் எடுத்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் அளவைக் கூட்டவோ, செர்ட்ராலினுக்கு மாற்றவோ, இரவில் மிர்டாசபின் சேர்க்கவோ மருத்துவரிடம் கேளுங்கள்; அதற்கு முன் மாற்றினால் எந்த மருந்துக்கும் நியாயம் கிடைக்காது. முழுவதும் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். நிறுத்தும் காலம் வரும்போது, எந்த மாதத்தில் குறைக்கத் தொடங்குவது என்பதை உங்கள் வீட்டுக் கடல் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் ஜூன் மாதத்து முதல் இரவுகளில் மட்டும் வேண்டாம்.